கொட்டுவதற்குள் கொடுத்த முடி

“அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். தாங்க மாட்டா.”

2009, ஆடி மாதக் கடைசி. சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் வராந்தாவில் என் சித்தப்பா கைகூப்பி நின்றார். பக்கத்தில் ஃபைலை மார்போடு அணைத்தபடி நான். கும்பகோணத்தில் எடுத்த பயாப்சி ரிப்போர்ட் அதற்குள் இருந்தது. இடது மார்பில் கட்டி. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. சித்தி பத்தடி தள்ளி ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் தூக்குச்சட்டி. அவர் தலைக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் மருத்துவமனையின் பெயர். அதில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லும் இருந்தது. சித்தி எட்டாவது வரை படித்தவர்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எங்கள் வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. “கட்டிதான், கரையறதுக்கு மருந்து ஏத்துறாங்க” என்பது எல்லோருக்கும் கொடுத்திருந்த வசனம். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, “அந்தப் பேரைச் சொல்லிடாதீங்க” என்று எச்சரித்து உள்ளே அனுப்புவோம். டிவியில் ‘வாழ்வே மாயம்’ வந்தால் யாராவது ரிமோட்டைத் தேடி ஓடுவார்கள். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, “தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுப் போவார்கள். சித்தியும் தலையாட்டுவார். எங்கள் நாடகத்தில் மிக நன்றாக நடித்தவர் அவர்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது கீமோ முடிந்த இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு என்னிடம் சொன்னார். “எனக்குத் தெரியும்டா. மொத நாளே தெரியும். போர்டு படிக்கத் தெரியாதா எனக்கு? உங்க சித்தப்பா மூஞ்சியைப் பார்த்தேன். கேட்டா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவார்னு கேக்கல.”

நோயாளியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நாங்கள் வாயை மூடியிருந்தோம். எங்களைக் காப்பாற்ற அவர் வாயை மூடியிருந்தார். ஒரு கூரைக்குக் கீழே ஆறு பேர் இருந்தும், அந்த நான்கு மாதமும் சித்தி தன் பயத்தோடு தனியாகவே இருந்திருக்கிறார். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆனதற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

மறைப்பது நம் பண்பாடா?

“நம்ம ஊர்ல இப்படித்தான், வெள்ளைக்காரன்தான் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான்” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மை வேறு. 1961-ல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்கள் 219 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அவர்களில் 90 சதவீதம் பேர், புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்புவதாகச் சொன்னார்கள். காரணமும் நாம் சொல்லும் அதே காரணம்தான்: நம்பிக்கை போய்விடும். 1979-ல் அதே கேள்வியை வேறு 264 மருத்துவர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதே எங்கள் வழக்கம் என்றார்கள். 18 ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம். மறைத்தது பண்பாடு என்றால் அவ்வளவு சீக்கிரம் மாறியிருக்காது. சிகிச்சை பலிக்காத காலத்தில் மறைத்தார்கள். பலிக்கத் தொடங்கியதும் பேச ஆரம்பித்தார்கள்.

பேச ஆரம்பித்த பிறகுதான் நோயாளியின் மனம் என்று ஒன்று இருப்பது மருத்துவத்தின் கண்ணில் பட்டது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை தமிழர்களுக்குப் புதிய பெயரில்லை. 1968 செப்டம்பரில் அறிஞர் அண்ணாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த இடம் அது. அவர் திரும்பி வந்து, 1969 பிப்ரவரி 3-ம் தேதி மறைந்தார். அதே மருத்துவமனையில் 1977-ல் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர், புற்றுநோயாளிகளின் மனத்துக்கென்றே ஒரு முழுநேரப் பிரிவைத் தொடங்கினார். கட்டியின் அளவை மில்லிமீட்டர் வரை குறிக்கிறோம், அந்தக் கட்டியைச் சுமப்பவர் எப்படி இருக்கிறார் என்று ஏன் யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. சைக்கோ ஆன்காலஜி என்ற துறை வளர்ந்தது அந்தக் கேள்வியிலிருந்து. காய்ச்சலைத் தெர்மாமீட்டரால் அளப்பதுபோல மனத்துயரை 0 முதல் 10 வரை நோயாளியே குறித்துக் காட்டும் ஓர் எளிய அளவுகோல் இன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. நான்கோ அதற்கு மேலோ என்றால், அவரோடு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று பொருள்.

நம் ஊர்க் கதை இன்னும் பழையது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். கண்முன்னே அந்தச் சாவைப் பார்த்த அக்கா, புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை விடவேயில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18-ம் தேதி அடையாறில் 12 படுக்கைகளோடு அது திறக்கப்பட்டது. இடையில் 31 ஆண்டுகள். துக்கம் ஆறிய பிறகு செய்த வேலை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் துக்கம் ஆறாமல் இருந்ததால்தான் அந்த வேலை நடந்தது. மருத்துவமனை திறந்த மறு ஆண்டே அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி.சாந்தா, 2021-ல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். இன்று அங்கே சைக்கோ ஆன்காலஜிக்குத் தனித் துறை உண்டு.

பயத்தை ஊட்டிய வெள்ளித்திரை

1982-ம் ஆண்டு தொடக்கத்திலிருந்துதான் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு முறையாகத் தகவல் திரட்ட ஆரம்பித்தது. எத்தனை பேருக்கு, எந்த உறுப்பில், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்கு சேர்க்கும் பொறுமையான வேலை அது. அதே ஆண்டில்தான் ‘வாழ்வே மாயம்’ வந்தது. ‘பயணங்கள் முடிவதில்லை’யும் வந்தது. இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் சாகிறான். பதிவேடு சொன்ன உண்மைகள் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன? அந்தப் படங்களின் பாடல்கள் சேராத வீடு உண்டா? இருமினால் ரத்தம், பிறகு காதலைத் துறத்தல், பிறகு மரணம் என்ற வாய்ப்பாடு ஒரு தலைமுறையின் மனதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்தப் படங்களைக் குறைசொல்ல நான் வரவில்லை, நானும் அழுதிருக்கிறேன். ஆனால், ரிப்போர்ட் கையில் வரும் நாளில் ஒரு தமிழர் மனதில் முதலில் ஓடுவது மருத்துவப் புத்தகமாக இருக்காது. அந்தக் கடைசி ரீல்தான் ஓடும்.

இந்தியாவில் ஆண்டுக்கு 14 லட்சம் பேருக்கு மேல் புதிதாகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அவர்களில் பலர் சிகிச்சை முடிந்து, ஆண்டுக்கணக்கில், சிலர் பத்தாண்டுக் கணக்கில் வாழ்கிறார்கள். அந்த வாழ்க்கைக்கு நம்மிடம் படம் இல்லை, கதை இல்லை, சரியான பேச்சுகூட இல்லை.

உப்பும் மிளகும்

சித்திக்கு முதல் கீமோ முடிந்து பதினெட்டாம் நாள். தலையணை உறை முழுக்க முடி. வாரினால் சீப்போடு கொத்தாக வந்தது. இடுப்பு வரை தொங்கிய சடை அது. அன்று சாயங்காலமே, “நாளைக்கு வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போறோம். மொட்டை போட்டுக்கப் போறேன்” என்றார். அத்தை பதறினார். “சுமங்கலி முழு மொட்டை போடலாமா? பூமுடி குடுத்தா போதும்.” சித்தி விடவில்லை. மறுநாள் காலை மாயவரம் வழியாக பஸ் பிடித்துப் போனோம். குளத்தில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு, முடியிறக்கும் இடத்தில் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தார். திரும்பி வரும்போது, தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருக்க, என்னிடம் சொன்னார்: “கொட்டுறதுக்குள்ள குடுத்துட்டேன்டா. இனிமே அது என்கிட்டேருந்து போனது இல்ல. நான் குடுத்தது.”

அந்த வாக்கியத்தை அன்று நான் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். பல வருடங்கள் கழித்து ஷெல்லி டெய்லர் என்ற அமெரிக்க உளவியலாளரைப் படித்தபோது அது மீண்டும் காதில் விழுந்தது. மார்பகப் புற்றுநோய் வந்த 78 பெண்களோடு பேசி, 1983-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய அடி விழுந்தவர்கள் மூன்று வேலைகளைச் செய்கிறார்கள் என்று கண்டார். இது எனக்கு ஏன் வந்தது என்று ஓர் அர்த்தம் தேடுகிறார்கள். கைநழுவிப் போன வாழ்க்கையில் ஏதாவது ஒன்றையாவது தங்கள் பிடிக்குள் கொண்டுவருகிறார்கள். விழுந்துபோன சுயமதிப்பை நிமிர்த்துகிறார்கள். மூன்றாவதை அந்தப் பெண்கள் செய்த விதம்தான் என்னை நிறுத்தியது. கட்டியை மட்டும் எடுத்தவர், ‘பாவம், முழு மார்பையும் எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்’ என்றார். மார்பை எடுத்த வயதானவரோ, ‘எனக்கு வயசாச்சு, சின்னப் பெண்களுக்கு வந்தால் என்ன ஆகும்’ என்று வருந்தினார். திருமணமானவர் ஆகாதவருக்காக இரங்கினார். ஒவ்வொருவருக்கும் தன்னைவிட மோசமான நிலையில் இன்னொருவர் கிடைத்தார். கீமோ வார்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். “நமக்காவது பரவாயில்ல, அந்த ஆறாம் நம்பர் பெட்டுப் பொண்ணுக்குக் கைக்குழந்தை” என்று யாராவது சொல்லக் கேட்பீர்கள். கலிஃபோர்னியாவில் கேட்டதும் அதுவேதான்.

அர்த்தம் தேடுவதில் ஓர் ஆபத்து உண்டு. “யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்?” என்று தொடங்கும் கேள்வி, பூர்வ ஜென்மம், செய்வினை, யாரோ வைத்த கண் என்று போய், கடைசியில் நோயாளியின் தலையிலேயே வந்து விடியும். வாய்ப் புற்றுநோய் வந்த ஆண்களின் நிலை இன்னும் கொடுமை. “புகையிலை போட்டான், வாங்கிக் கட்டிக்கிட்டான்” என்று அவர்கள் காதுபடவே பேசுகிறார்கள். தாடையின் ஒரு பக்கத்தை இழந்து, கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்ட மனிதனிடம் சொல்லும் பேச்சா அது? புகையிலை அவருக்கு நோயைத் தந்தது உண்மை. அதைச் சொல்ல வேண்டிய காலம் அவர் அதை முதன்முதலாகக் கையில் எடுத்த காலம்.

இடிந்த வீட்டைக் கட்டுவது

1990-களின் நடுவில் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவைச் சேர்ந்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி. 1996-ல் அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலையும் வெளியிட்டார்கள். உறவுகளில் நெருக்கம், புதிய வழிகள் தென்படுவது, ‘எனக்குள் இவ்வளவு பலமா’ என்ற வியப்பு, ஆன்மிகத்தில் மாற்றம், சின்னச் சின்ன நாட்களின் அருமை தெரிவது என்று ஐந்து இடங்களில் மனிதர்கள் மாறியிருப்பதைக் கண்டார்கள்.

இதை அவர்கள் நிலநடுக்கத்தோடு ஒப்பிட்டார்கள். நல்லது செய்தவனுக்கு நல்லதே நடக்கும், அடுத்த தீபாவளிக்கு நான் இருப்பேன், பிள்ளை கல்யாணத்தை நான்தான் நடத்துவேன் என்று நாம் சொல்லாமலே நம்பி வாழும் சுவர்கள் ஒரு ரிப்போர்ட்டில் இடிந்து விழுகின்றன. வளர்ச்சி என்று அவர்கள் சொல்வது, இடிபாடுகளுக்கு நடுவே நின்று அந்த மனிதர் திரும்பக் கட்டும் வீடு. இடித்த நிலநடுக்கத்துக்கு அதில் எந்தப் பெருமையும் கிடையாது. ‘கேன்சர் எனக்குக் கிடைத்த வரம்’ என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான்.

கட்டும் வேலை நடப்பது எண்ணத்தில். ஆரம்பத்தில் நினைப்பு தானாக வந்து கடிக்கும். நடுராத்திரியில், பல் தேய்க்கும்போது, பேரன் சிரிக்கும்போது என்று நேரம் காலம் பார்க்காமல் வரும். நாள்பட, அதே நினைப்பை நாமே எடுத்து, மாடு அசைபோடுவதுபோல மெல்லத் தொடங்குகிறோம். இனி எப்படி வாழ்வது, யாரோடு, எதை விடுவது? முதல் வகை நினைப்பு ஆளைத் தின்னும். இரண்டாவதில்தான் வீடு எழும்புகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மனிதர்களுக்குப் பெரிதும் உதவுவது வாய்விட்டுப் பேசுவது.

2001-ல் மேத்யூ கார்டோவாவும் உடன் ஆய்வாளர்களும் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 70 பெண்களை, நோய் வராத 70 பெண்களோடு ஒப்பிட்டார்கள். மீண்டவர்களிடம் உறவு நெருக்கமும், வாழ்வின் அருமை உணர்வதும், ஆன்மிக மாற்றமும் அதிகம் இருந்தன. அவர்களுக்குள்ளும் யாரிடம் இந்த மாற்றம் கூடுதலாக இருந்தது என்று பார்த்தார்கள். தன் நோயைப் பற்றி மற்றவர்களிடம் பேசியிருந்தவர்களிடம். உயிருக்கே ஆபத்து என்று உணர்ந்திருந்தவர்களிடம். நோய் தெரிந்து கூடுதல் காலம் ஆனவர்களிடம். வருமானம் அதிகம் உள்ளவர்களிடம்.

அந்தக் கடைசிக் காரணத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனம் வளரவும் கொஞ்சம் பணம் வேண்டியிருக்கிறது. அடுத்த 21-ம் நாள் கீமோவுக்கு பஸ் காசு எங்கே என்று கணக்குப் போடும் மூளைக்கு அசைபோட நேரம் ஏது? நகையை அடகு வைத்துவிட்டு வந்திருப்பவரிடம் போய் ‘வாழ்வின் அருமை’ பேசுவதற்கு முன் இதை நாம் யோசிக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு முக்கியமான சேதியும் உண்டு. மாற்றம் அதிகம் கண்டவர்களுக்குத் துயரம் குறைவாக இருந்தது என்று இல்லை. இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. வளர்ந்தவரும் அழுகிறார், வளராதவரும் அழுகிறார். இது எனக்குப் பெரிய ஆறுதல். என் சித்தி மொட்டை போட்டுக்கொண்டு கம்பீரமாக பஸ்ஸில் ஏறி வந்த அதே வாரத்தில், அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுததையும் நான் கேட்டிருக்கிறேன். எது உண்மையான சித்தி என்ற கேள்விக்கே இடமில்லை.

அழுதால் நோய் முற்றுமா?

‘தன்னம்பிக்கை இருந்தால் கேன்சரை விரட்டிவிடலாம்’ என்ற வாசகத்தை மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் தினமும் பார்க்கிறோம். இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் ஆய்வு உண்டு. 1989-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர் டேவிட் ஸ்பீகல், மார்பகப் புற்றுநோய் உடலில் பரவிவிட்ட 86 பெண்களைப் பற்றி எழுதினார். வாரம் ஒருமுறை ஒன்றுகூடி மனம்விட்டுப் பேசிய குழுவினர் சராசரியாக 36.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். பேசாத குழுவினர் 18.9 மாதங்கள். உலகமே துள்ளியது. 2001-ல் கனடாவின் பமீலா குட்வின் 235 பெண்களைக் கொண்டு அதே முறையைச் சோதித்தார். ஆயுள் கூடவில்லை. 2007-ல் ஜேம்ஸ் கோய்ன், தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த 1,093 பேரின் தகவல்களை ஆராய்ந்தார். மனநிலைக்கும் ஆயுளுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை.

இது கெட்ட செய்தி என்று நினைக்கிறீர்களா? நான் நல்ல செய்தி என்பேன். அழுததால் நோய் முற்றாது. பயந்ததால் கட்டி வளராது. நோய் திரும்பி வந்தவர், ‘நான் தைரியமா இல்லாததால்தான் வந்தது’ என்று தன்னைக் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக் தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது, சிரித்தபடியே இருக்கச் சொல்லும் இந்தக் கட்டாயத்தைக் கண்டு கோபம் கொண்டு எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது.

அப்படியானால் பேசுவதில் என்ன பயன்? குட்வினின் ஆய்விலேயே பதில் இருக்கிறது. பேசிய குழுவினருக்கு மனத்துயர் குறைந்தது. வலியின் கடுமையும் குறைவாகத் தெரிந்தது. அதிகம் துயரப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கே அதிகப் பயன். இருக்கிற நாட்கள் எப்படிப்பட்ட நாட்கள் என்பதும் மருத்துவம்தான்.

தன்னம்பிக்கைக்கு உதாரணமாக நாம் சொல்லும் கதை ஒன்று. 2011 மார்ச் 20, சேப்பாக்கம். உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக யுவராஜ் சிங் 113 ரன் எடுத்தார். நடுவில் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். வெயில் என்று நினைத்தோம். நுரையீரல்களுக்கு நடுவே கட்டி இருந்தது பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் கீமோ முடித்து, 2012 செப்டம்பர் 11-ல் அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்ப வந்தார். 34 ரன். இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. பல மேடைகளில் அவர் கதையைச் சொல்லும்போது அந்தத் தோல்வியை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. திரும்பி வந்தவருக்கு வெற்றி காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர் வந்து ஆடினார்.

மலையாள நடிகர் இன்னசென்ட்டுக்கு 2012-ல் தொண்டையில் புற்றுநோய். ‘கேன்சர் வார்டிலே சிரி’ என்று புத்தகம் எழுதினார். 2014-ல் சாலக்குடியிலிருந்து மக்களவைக்குப் போனார். 2023 மார்ச்சில் மறைந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தார். சிரிப்பு வராதவரிடம் போய் அந்தப் புத்தகத்தை நீட்டி, ‘பார், அவர் எப்படி இருந்தார்’ என்று சொன்னால் அதுவும் ஒரு சுமைதான்.

ஃபைல் தூக்குகிறவர்

நோயாளியோடு கூட வருகிறவருக்கு டோக்கன் கிடையாது. சித்தப்பா அந்த ஆறு கீமோவுக்கும், 25 நாள் கரண்டு வைத்ததற்கும் கூடவே இருந்தார். ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். தங்கியிருந்த வாடகை அறையில் கஞ்சி வைத்தார், கவுன்ட்டர் கவுன்ட்டராக ஓடினார், வயலைக் குத்தகைக்கு விட்டார். ஒருநாளும் அழவில்லை. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய மறு மாதம், கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேம்பியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். “நீங்க எப்படி இருக்கீங்க சித்தப்பா?” என்று நாங்கள் யாரும் கேட்டதே இல்லை.

‘எனக்குத் தெரியும்’ என்று சித்தி என்னிடம் சொல்லிவிட்டதை நான் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்தது அதிர்ச்சி இல்லை. ஓய்வு. அன்றிலிருந்து அவர்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் நெல், மாடு, கடன். சிலநாள், ‘நான் போயிட்டா’ என்று தொடங்கும் பேச்சு. அதை அவர் அதன் பிறகு மறிக்கவில்லை.

கோடு போட்ட நோட்டு

சிகிச்சைக்குப் பிறகு சித்தி ஆறு ஆண்டுகள் இருந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் அவர் தெய்வமாகிவிடவில்லை. தனக்கு மட்டும் தனி டம்ளரில் காபி கொடுத்த ஒரு உறவுக்காரர் வீட்டு வாசலை அதன் பிறகு மிதிக்கவே இல்லை. ரவிக்கைக்குள் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு காலையும் எரிச்சலோடுதான் விடிந்தது. முதுகு வலித்தால்கூட ‘திரும்ப வந்திடுச்சோ’ என்று இரண்டு நாள் சோறு இறங்காது. ஸ்கேன் தேதி நெருங்கினால் வீட்டில் யாரோடும் பேச்சிருக்காது.

இவற்றுக்கு நடுவே அவர் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது மார்பில் கட்டி என்று காதில் விழுந்தால், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். டோக்கன் எங்கே வாங்குவது, எந்த கவுன்ட்டரில் கூட்டம் குறைவு, சிவப்பு மருந்து ஏற்றும்போது வாயில் ஐஸ் வைத்துக்கொண்டால் புண் எப்படிக் குறையும், இன்ஷூரன்ஸ் கார்டுக்கு என்ன தாள் வேண்டும் என்று கூடவே போய்ச் சொல்லிக் கொடுப்பார். முதல் நாள் அந்தப் பெண்ணின் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, “மறைக்காத தம்பி, அவளுக்குத் தெரியும்” என்பார். அதற்கு முன் ஊரைவிட்டு எங்கும் போகாத பெண்மணி அவர். சென்னைக்கு அப்படி எத்தனை முறை தனியாக வந்து போனார் என்ற கணக்கு எங்களிடம் இல்லை.

2015-ல் எலும்பில் பரவியது. இம்முறை டாக்டரின் அறைக்குள் அவரே நேராகப் போய் உட்கார்ந்து கேட்டார். வெளியே வந்து, கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வடுமாங்காய்க்கு உப்பு எவ்வளவு. யார் யாருக்குச் சீர் பாக்கி. எந்தப் புடவை யாருக்கு. பிள்ளைக்கு ஒரு பக்கம், மருமகளுக்கு இரண்டு பக்கம். கனடாவில் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர் இறுதிக்கால நோயாளிகளிடம் இப்படிக் கேட்டு, பதிவு செய்து, எழுதி, குடும்பத்தாரிடம் கொடுப்பதை ஒரு சிகிச்சையாகவே நடத்துகிறார். கண்ணியச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். ஸ்லோன் கெட்டரிங்கில் வில்லியம் பிரைட்பார்ட், நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட விக்டர் ஃபிராங்கலின் சிந்தனையை அடிப்படையாக வைத்து, வாழ்வின் அர்த்தத்தை மையமாகக் கொண்ட சிகிச்சை ஒன்றை உருவாக்கினார். சித்திக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. அந்த நோட்டு இப்போது அவர் மருமகளிடம் இருக்கிறது.

ஃபைல் போடும் அன்றே கேளுங்கள்

சித்திக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்காது. சிலருக்கு மனம் தானாக எழாது. எழாததில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. 2011-ல் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு மருத்துவ ரீதியான மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை, ‘எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்ற பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அதற்கும் மருந்து உண்டு, ஆலோசனை உண்டு. ‘கேன்சர் வந்தா மனசு கஷ்டமாத்தானே இருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். வலியை அப்படி விடுவோமா?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் புற்றுநோய் சிகிச்சை தரும் எல்லா மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைநகரங்களில் உள்ளவை உட்பட, ஒரு மனநல ஆலோசகர் கட்டாயம் இருக்க வேண்டும். கீமோ அறைக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு நாற்காலி போட வேண்டும். இது சலுகையாகக் கேட்பதல்ல. ரத்தப் பரிசோதனை எப்படியோ இதுவும் அப்படித்தான்.

நோயாளியைப் பார்க்கப் போகும் நீங்கள் ஒன்று செய்யலாம். ‘தைரியமா இரு’ என்பதை விட்டுவிடுங்கள். “இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை உட்காருங்கள். அழுதால் அழட்டும். பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்து, அவரிடம் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இன்று ராத்திரி அவரிடம் கேளுங்கள்: “உனக்கு என்ன தெரியணும்னு தோணுது?” எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை.

மருத்துவமனையில் ஃபைல் போடும் அன்றே, இங்கே மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். நோயாளி மட்டுமல்ல, ஃபைல் தூக்குகிறவரும் கூப்பிடலாம்.